தோற்கும் அணிக்கு ஒரு சீசன் பாஸ்: வாங்கலாமா?

வாங்கலாம். ஜெயிக்கிற அணியைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்பவர்கள் மட்டும் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பாஸ் வாங்கியது வடகிழக்கு ஒஹாயோவில் உள்ள ஒரு சிறிய தனியார் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு. கீழே இரண்டு குறைகளைச் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடும் அணி அது. பருவத்துக்குப் பத்து ஆட்டங்கள், செப்டம்பரில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்துவிடும். அவற்றில் பாதி சொந்த மைதானத்தில். கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முக்கியமான ஓர் ஆட்டத்துக்கு ஒரு நல்ல இருக்கை வாங்கும் பணத்தில் இங்கே பருவம் முழுவதையும் பார்த்துவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான இருக்கைகள். இங்கே சில வரிசை அலுமினிய பெஞ்சுகள். அவையும் பழைய மாணவர்கள் திரும்பி வரும் ஹோம்கமிங் நாளில்தான் நிரம்பும்.

கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது? கிட்டத்தில் இருந்து பார்ப்பது. தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். முன்வரிசையில் முட்டிக்கொள்ளும் தடியர்கள் வெறும் சுவராகத்தான் தெரிவார்கள். கம்பி வேலியை ஒட்டி உட்கார்ந்தால் அந்தச் சுவருக்குள் நடப்பதெல்லாம் தெரியும். நம் அணியின் இடது டேக்கிள், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில் நின்று தடுப்பவன், விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருப்பான். பந்து பின்னால் போன கணத்தில் இடது காலை அரையடி பின்னுக்கு வைத்து, எதிராளியின் மார்பில் இரண்டு கைகளையும் ஊன்றுவான். கவசத்தில் கவசம் மோதும் சத்தம் கூரையில் தேங்காய் விழுந்தது போல் கேட்கும். மூன்றே வினாடி. அவன் தாக்குப்பிடித்தால் குவார்ட்டர்பேக் பந்தை எறிவான், இல்லாவிட்டால் புல்லில் கிடப்பான். இந்தப் பருவத்தில் பெரும்பாலும் கிடந்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது சங்கிலி. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை. அந்தப் பத்து கெஜத்தை அளப்பது இரண்டு கம்புகளுக்கு இடையே கட்டிய ஒரு சங்கிலி. சந்தேகம் வந்தால் கோட்டோரத்தில் இருக்கும் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடுமைதானத்துக்கு ஓடி வருவார்கள். இங்கே அவர்களில் ஒருவர் தலை முழுக்க நரைத்தவர். சங்கிலியை இழுத்துப் பிடிக்கிறார்கள், பந்தின் மூக்கு ஒரு விரற்கடை குறைகிறது, நடுவர் இரண்டு கைகளையும் காட்டி அளவு சொல்கிறார். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "போன வாரமும் இப்படித்தான்" என்று காப்பியைக் குடித்தார். அவர் பேரன் அணியில் இருக்கிறானாம்.

எந்த இடம் என்று கேட்டேன். எழுபதாம் எண், மூன்றாவது வரிசை மாற்று ஆள், இன்னும் களம் இறங்கவில்லை என்றார். அப்போதுதான் கோட்டோரத்தில் நிற்கும் கூட்டத்தைச் சரியாகக் கவனித்தேன். களத்தில் பதினொரு பேர், சீருடையில் நூறு பேருக்கு மேல். கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்பக் கிடைக்கும் சலுகை போக, மீதிக் கட்டணத்தை இந்தப் பையன்களின் குடும்பங்களே கட்டுகின்றன. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மாணவர்கள் உள்ள கல்லூரிக்கு, ஆட வேண்டும் என்பதற்காகவே வந்து சேரும் நூறு பேர் என்பது பெரிய வரவு. சேர்க்கை குறைந்த சிறு கல்லூரிகள் பல புதிதாகக் கால்பந்து அணி தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். என் பாஸ் விலை அவர்கள் வரவுசெலவில் சில்லறை. அந்த எழுபதாம் எண்தான் பெரிய டிக்கெட் வாங்கியவன். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பையன்கள் தெரிந்துதான் வருகிறார்கள். ஆனாலும் அது தெரிந்த பிறகு நான் ஸ்கோர்போர்டைப் பார்ப்பது குறைந்துவிட்டது.

பருவத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: தொடக்கத்தில் ஒரு வெற்றி, நடுவில் வரிசையாகத் தோல்வி, கடைசியில் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு வெற்றி. மவுன்ட் யூனியன் வந்த அன்று முதல் பாதியிலேயே எல்லாம் முடிந்தது. அலையன்ஸ் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு மூன்றாம் பிரிவுப் பட்டத்தை 13 முறை வென்ற கல்லூரி அது. 1996 முதல் தொடர்ந்து 54 வெற்றிகள், ஒரே ஒரு தோல்வி, மறுபடியும் தொடர்ந்து 55 வெற்றிகள் என்று ஆடியவர்கள். ஊதா நிறச் சட்டைகள் வரிசையாக இறங்கியபோதே எங்கள் பக்கம் பேச்சு நின்றது. அவர்களுடைய மாற்று ஆட்கள்கூட எங்கள் முதல் அணியைவிட வேகம். இருந்தும் நல்ல ஆட்டம் பார்க்க விரும்புகிறவர் தவறவிடக் கூடாத நாள் அதுதான்.

சீனியர் டே வேறு வகை. கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெற்றோருடன் மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். ஒலிபெருக்கியில் பெயர், ஊர், படிப்பு, அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று வாசிப்பார்கள். நர்சிங், கணக்கியல், தீயணைப்புத் துறை, மாமாவின் கூரை வேலைக் கம்பெனி. தொழில்முறை அணி என்று ஒருவனும் சொல்லவில்லை.

இனி குறைகள். தின்பண்டக் கவுன்ட்டர் ஒன்றே ஒன்று. இடைவேளையில் ஹாட் சாக்லேட்டுக்கு வரிசையில் நின்றால் மூன்றாம் கால்பகுதியில் பாதி போய்விடும்; கையில் வருவதும் வெந்நீரில் கலந்த தூள்தான். இரண்டாவது, வெளியூர் ஆட்டங்களுக்கான இணைய ஒளிபரப்பு. பாஸுடன் சேர்த்துத் தருகிறோம் என்று விளம்பரப்படுத்தினார்கள். ஒரே கேமரா, மழை பெய்தால் கண்ணாடியைத் துடைக்க ஆளில்லை, முக்கியமான டச்டவுனின்போது படம் உறைந்து நின்றது. மின்னஞ்சல் அனுப்பினேன், அடுத்த பருவத்துக்கான நன்கொடைப் படிவம் பதிலாக வந்தது.

வாங்குவதானால் முதுகுச் சாய்வு உள்ள இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அவை மேலே, மைதானத்தின் நடுவில் உள்ள ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேராக இருக்கின்றன. அங்கிருந்து சங்கிலி தெரியாது. கீழே வேலியோரம், இருபது கெஜக் கோட்டுக்கு அருகில் உட்காருங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் அலுமினிய பெஞ்ச் எலும்பு வரை குளிரும், தடித்த மெத்தை ஒன்று கொண்டுபோங்கள்.