வசந்தகால உழவர் சந்தை: கடை விரிக்கும்போது போவதா, கட்டும்போது போவதா?

நல்ல சரக்கு முதலில் தீர்ந்துபோகும், கடைசி நேரத்தில் விலை இறங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவை இரண்டையும் மட்டும் வைத்து முடிவெடுத்தால் பாதிக் கணக்குதான் போட்டிருப்போம். வாங்கிய காய் வீட்டில் எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், என் ஓட்டு கடை விரித்த முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான். நடுப்பொழுதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அப்போது கூட்டம் நெரியும், விலையும் இறங்கியிருக்காது.

வசந்தத்தில் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி இலையும் தண்டும் குருத்தும்தான்: பசலை, லெட்டூஸ், ஆஸ்பராகஸ், வெங்காயத்தாள், இலையோடு கட்டிய முள்ளங்கி, பச்சைப் பட்டாணி. உருளை, பூசணி போலத் தோல் தடித்து மாதக்கணக்கில் கிடப்பவை அல்ல. வெட்டிய பிறகும் இவை வேகமாகச் சுவாசித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்தச் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகும். சேர்த்து வைத்த சர்க்கரையும் அதே வேகத்தில் கரையும். காலைக்கும் நண்பகலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வசந்தத்தில் சர்வசாதாரணம். 20 டிகிரியில் 4 மணி நேரம் மேசையில் கிடந்த பட்டாணி, ஃபிரிட்ஜில் ஒரு பகல் முழுக்க இருந்ததைவிட அதிகமாக இனிப்பை இழந்திருக்கும்.

அடுத்தது நீர். பசலை தன் எடையில் 3 சதவீதம் நீரை இழந்தாலே விற்க முடியாத அளவுக்கு வாடிவிடும். 300 கிராம் கட்டில் அது 9 கிராம். இரண்டு டீஸ்பூன்கூட இல்லை. ஆஸ்பராகஸ் ஏறக்குறைய 8 சதவீதம் வரை தாங்கும். இந்த வாட்டத்தைத் தடுக்கத்தான் விற்பவர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் கடைசி நேரத்தில் போகிறவர் அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. கட்டைத் திருப்பி, வெட்டிய அடியைப் பாருங்கள். லெட்டூஸின் அடி வெள்ளையாக, ஈரமாக இருந்தால் புதுசு. துரு நிறத்துக்கு வந்திருந்தால் வெட்டி வெகுநேரமாகிவிட்டது. ஆஸ்பராகஸில் நுனிச் செதில்கள் இறுக மூடியிருக்க வேண்டும். இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும்.

‘இன்று காலை பறித்தது’ என்ற அட்டையையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். முந்தைய நாள் மாலை வெட்டி, உடனே குளிர வைத்து, இரவெல்லாம் குளிரறையில் இருந்த கீரை, காலையில் வெட்டிச் சூட்டோடு பெட்டியில் அடைத்ததைவிட நன்றாகவே நிற்கும். ‘எப்போது பறித்தீர்கள்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘பறித்ததும் எங்கே வைத்தீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். அப்படி நின்று பேச நேரம் கிடைப்பதும் முதல் மணி நேரத்தில்தான்.

காலையில் வாங்கியதன் லாபத்தைக் காரில் தொலைப்பவர்கள் உண்டு. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறிவிடும். எனவே முதலில் ஒரு சுற்று பார்த்துவிட்டு, தேன், உருளை, வெங்காயம் எல்லாம் எடுத்த பிறகு கீரையையும் ஸ்ட்ராபெர்ரியையும் வாங்கி, நேராக வீட்டுக்குப் போவதே சரி. ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றிப் பையில் வைக்கவும். இலை அதை நேராகத் தொட்டால் அந்த இடம் உறைந்து கறுக்கும். பேசில் (துளசி இனத்து மணக்கீரை) இருந்தால் அதைக் குளிர்ப்பையில் போடவே வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் இலை கறுத்துவிடும்.

முள்ளங்கியின் இலையை வீட்டுக்கு வந்ததும் திருகி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிழங்கு பஞ்சாகிவிடும். ஆஸ்பராகஸின் அடியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கி, 2 சென்டிமீட்டர் தண்ணீரில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைக்கலாம். லேசாக வாடிய கீரையைக் குளிர்ந்த நீரில் 15, 20 நிமிடம் போட்டால் நிமிர்ந்துவிடும். பிறகு நீரை நன்றாக உதறி, துணி விரித்த டப்பாவில் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் கொழகொழத்துவிடும். ஸ்ட்ராபெர்ரியைச் சாப்பிடப் போகும்போதுதான் கழுவ வேண்டும்.

காலையில் தொல்லை இல்லாமல் இல்லை. முக்கியமாகச் சில்லறை. முதல் வியாபாரத்திலேயே பெரிய நோட்டை நீட்டினால் பாக்கி கொடுக்க அவர்களிடம் இருக்காது. சில சந்தைகளில் மணி அடிக்கும் முன் விற்கக்கூடாது என்று விதி. ரொம்ப முந்திப் போய்ப் பயனில்லை.

கடை கட்டும் நேரம் யாருக்கு? அன்றைக்கே சமைத்துவிடுபவருக்கும், ஃப்ரீசரில் போடுபவருக்கும். பசலையைக் கொதிநீரில் 2 நிமிடம், உரித்த பட்டாணியை ஒன்றரை நிமிடம், நடுத்தரப் பருமனுள்ள ஆஸ்பராகஸை 3 நிமிடம் போட்டு எடுத்து, அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, வடித்து, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் வாட்டம் ஒரு பொருட்டே இல்லை. பேரத்திலும் ஒரு முறை உண்டு. ஒரு கட்டை எடுத்துக்கொண்டு ‘குறைத்துக் கொடுங்கள்’ என்று நிற்பதைவிட, ‘மிச்சத்தை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், என்ன போடுவீர்கள்?’ என்று கேட்டால்தான் படியும். விலை இறங்குவதும் திரும்ப எடுத்துப்போனால் வீணாகிவிடும் சரக்கில் மட்டும்தான்: கீரை, ஸ்ட்ராபெர்ரி, புதினா, மல்லி. தேனையும் உருளையையும் அடுத்த வாரம் கொண்டுவந்து விற்கலாம். அதில் பேரம் பேசுவது வீண். குளிர்வண்டியோடு வந்திருப்பவர் கீரையில்கூட அவ்வளவாக இறங்கமாட்டார்.

மழைமூட்டமான நாளில் மட்டும் கணக்கு மாறும். கூட்டம் குறைவு, மிச்சம் அதிகம், காற்றும் குளிர்ச்சி. கடைசியில் வாங்கிய கீரைகூட ஓரளவு நிற்கும். காளானைப் பற்றி அவ்வளவு அழுத்தமாகச் சொல்லமாட்டேன். காகிதப் பையில் போட்டுக்கொடுத்தால் எந்த நேரம் வாங்கியதும் ஒரே மாதிரிதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் ஸ்ட்ராபெர்ரியை ஜாமுக்கென்று அள்ளுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இயல்பாகவே குறைவு, கனியக் கனிய இன்னும் குறையும். முழுக்கக் கனிந்ததை மட்டும் போட்டால் ஜாம் இறுகாமல் பாகாக நிற்கும். கால் பங்கு சற்றே காய்வெட்டான பழமும், எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் இறுகும்.

நாற்று வாங்கத் தயங்காமல் காலையிலேயே போங்கள். நாற்றுத் தட்டின் சின்னக் குழிகளில் உள்ள மண் நாலு மணி நேரக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து சுருங்கிவிடும். கடைசியில் எஞ்சுவதும் பெரும்பாலும் வெளிச்சம் தேடி நெட்டையாய் வளர்ந்த செடிகள்தான். விற்பவரிடம் கேட்டுவிட்டு ஒன்றை மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள்: வேர் வெள்ளையாக, மண்ணைப் பிடித்த அளவில் இருந்தால் எடுக்கலாம், பழுப்பாகி அடியில் சுற்றிச் சுற்றி வளையமிட்டிருந்தால் வேண்டாம். இதுவரை வெளியில் வைத்துப் பழக்கினார்களா என்றும் கேளுங்கள். பசுமைக்குடிலிலிருந்து நேராக வந்தது என்றால், நிழலில் தொடங்கி 7 முதல் 10 நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கிய பிறகே நட வேண்டும்.