ரோபஸ்ட், ஸ்ட்ராங், ஸ்டர்டி: எது எங்கே பொருந்தும்?

ஆங்கிலத்தில் வலிமையைக் குறிக்கும் ‘ஸ்ட்ராங்’, ‘ஸ்டர்டி’, ‘ரோபஸ்ட்’ ஆகிய மூன்று பெயரடைகளையும் ‘உறுதியான’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு நகரும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் அவை சுட்டும் வலிமை ஒன்றல்ல.

‘ஸ்ட்ராங்’ அளவைச் சொல்கிறது. டீக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்பவர் கூடுதல் திடத்தைத்தான் கேட்கிறார். காற்று, வாசனை, சந்தேகம் என எதற்கும் இச்சொல் ஒத்துவரும்.

‘ஸ்டர்டி’ பெரும்பாலும் கைக்கும் கண்ணுக்கும் தட்டுப்படும் பொருள்களோடு நின்றுவிடுகிறது: ஆடாத நாற்காலி, அடிப்பாகம் தடித்த செருப்பு, கட்டுமஸ்தான ஆள். பழைய பிரெஞ்சில் இதன் மூலச்சொல்லுக்குத் தலை கிறுகிறுத்துப்போன நிலை என்று பொருள். மூளையில் நாடாப்புழுக் கட்டி வளர்ந்து வட்டமடிக்கும் ஆட்டின் நோய்க்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் என்பது வேடிக்கைதான்.

‘ரோபஸ்ட்’ லத்தீனின் ‘ரோபர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஓக் மரத்தையும் அதன் கடினமான கட்டையையும் அது குறித்தது. ஐரோப்பிய ஓக் ஒன்றின் தாவரவியல் பெயர் இன்றும் ‘குவெர்கஸ் ரோபர்’. முற்றிய மரத்தின் நடுக்கட்டையை நம் தச்சர்கள் ‘வைரம்’ என்பதையும், உழைத்து உரமேறிய உடம்பை நாம் ‘வைரம் பாய்ந்த உடம்பு’ என்பதையும் நினைத்தால், இரு மொழிகளும் மரத்திடமிருந்தே இந்த உவமையை வாங்கியிருப்பது தெரியும். அகராதிகள் தரும் ‘திடகாத்திரமான’ என்பதில் ‘காத்திரம்’ உடலைக் குறிப்பதால், அது ஆளுக்குப் பொருந்துமே தவிர மென்பொருளுக்குப் பொருந்தாது.

இன்றைய எழுத்தில் ‘ரோபஸ்ட்’ என்பதற்கு அடி விழுந்தாலும் குலையாதது என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. புள்ளியியலில் இச்சொல்லை 1953-இல் ஜார்ஜ் பாக்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஐவரின் சம்பளம் 20, 22, 24, 26, 28 ஆயிரம் என்றால் சராசரியும், வரிசையில் நடுவே நிற்கும் எண்ணான இடைநிலையும் 24 ஆயிரமே. கடைசி எண்ணைத் தவறுதலாக 528 என்று தட்டிவிட்டால் சராசரி 124-க்குத் தாவுகிறது, இடைநிலையோ 24-லேயே நிற்கிறது. இந்த இடைநிலைதான் ‘ரோபஸ்ட்’. வாதத்திலும் இதே வேறுபாடு உண்டு: கேட்டவுடன் நம்பவைப்பது ‘ஸ்ட்ராங்’, ஒரு சான்று பொய்த்த பிறகும் சரியாமல் நிற்பது ‘ரோபஸ்ட்’. இலைத்துரு நோயை அரபிகாவைவிட நன்றாகத் தாங்கும் ரோபஸ்டா காப்பிக்கு அப்பெயர் தகும். கஃபீன் மிகுதியால் அது ‘ஸ்ட்ராங்’காகவும் இருப்பது வேறு விஷயம்.

ஆகவே கணினி, பொறியியல் எழுத்தில் ‘தாக்குப்பிடிக்கும்’ என்பதையே நான் தேர்வேன். ‘ரோபஸ்ட் டிபேட்’ என்று வரும்போது மட்டும் வலிமைச் சொற்களை விட்டுவிட்டுக் ‘காரசாரமான விவாதம்’ என்று எழுதுவதே தமிழாக இருக்கும்.