விமான நிலைய மோனோரயில்: டோக்கியோ, நெவார்க், பர்மிங்காம் – எது தேறியது?

செட்டிநாட்டுப் பழைய விமானத் தளத்தைத் திரும்பத் திறக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் போதும், "அப்படியே காரைக்குடி ஜங்ஷன் வரைக்கும் ஒரு மோனோரயில் விட்டால்..." என்று யாராவது இழுப்பார்கள். ஆசைப்படலாம், தப்பில்லை. இதே வேலைக்கு மூன்று ஊர்கள் மூன்று வழியில் போயிருக்கின்றன. அவை என்ன ஆயின என்று பார்த்துவிடலாம்.

டோக்கியோ மோனோரயில் 1964 செப்டம்பரில், ஒலிம்பிக்ஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஹனேடா விமான நிலையத்துக்கு ஓடத் தொடங்கியது. ஜெர்மனியில் உருவான ஆல்வெக் முறை. வண்டிகளைச் செய்தது ஹிட்டாச்சி. கான்கிரீட் உத்தரத்தின் மேலே ரப்பர் டயர் உருளும், பக்கவாட்டில் சின்ன டயர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். மேல் டயர் பெரியது என்பதால் பெட்டியின் நடுவே தரை மேடாகிவிடுகிறது. அந்த மேட்டின் மேலேயே இருக்கை போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்தான், ஆனால் ஜன்னல் வழியே விரிகுடா நன்றாகத் தெரியும். பெட்டி வைக்கத் தனியாகத் தட்டும் உண்டு. 1998-ல் கேக்யூ என்ற தனியார் ரயில் விமான முனையத்துக்கே வந்து போட்டி போட்டும் இது நிற்கவில்லை. 2014-லும் புது வண்டிகள் வந்தன.

நெவார்க் நம் ஆச்சிமாருக்குத் தெரிந்த இடம். நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் இறங்குவது அங்கேதான். அங்குள்ள ஏர்ட்ரெயின் 1996-ல் தொடங்கி, 2001-ல் ரயில் நிலையம் வரை நீண்டது. ஓட்டுநர் இல்லாத வண்டி. சுவிட்சர்லாந்தின் வான் ரோல் நிறுவனத்தின் வடிவமைப்பு, பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஓடிய வகை. பெட்டிகள் குறுகல், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வழி கிடையாது. முறுக்கும் மணகோலமும் அடைத்த இரண்டு பெரிய பெட்டியோடு ஏறினால் அடுத்தவர் நிற்க இடமிருக்காது. முப்பது வருடம்கூட ஆவதற்குள் ஆயுள் முடிந்தது என்று முடிவு கட்டி, கேபிள் இழுக்கும் வண்டிக்கு மாறுகிறார்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஓடியது மோனோரயில்கூட இல்லை, மேக்லெவ் எனப்படும் காந்தத்தில் மிதக்கும் வண்டி. 1984-ல் வந்தது, சுமார் 600 மீட்டர் பாதை. உலகில் வணிக ரீதியில் பயணிகளுக்கு ஓடிய முதல் மேக்லெவ். உதிரிப் பாகம் கிடைக்காமல் 1995-ல் மூடினார்கள். கொஞ்ச காலம் பஸ் ஓடியது. 2003-ல் அதே பாதையில் கேபிள் வண்டி வந்தது.

என் ஓட்டு டோக்கியோவுக்கு. வேகத்துக்காகவோ அழகுக்காகவோ இல்லை, உதிரிப் பாகத்துக்காக. ஹிட்டாச்சி அதே குடும்பத்து வண்டிகளை ஒசாகாவுக்கும் ஒகினாவாவுக்கும் செய்தது. அதனால் பட்டறை மூடப்படவில்லை. நம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் உடைந்தால் ஆத்தங்குடிக்குப் போய் வாங்கி வரலாம், சுவரில் பதித்த ஜப்பான் டைல் விரிந்தால் அந்த இடம் அப்படியேதான் கிடக்கும். பர்மிங்காமுக்கு நடந்தது இரண்டாவது.

சரி, நமக்கு? நாளுக்கு ஒன்றிரண்டு சின்ன விமானம் இறங்கினால் அந்தக் கூட்டத்துக்கு மினி பஸ் போதும். ரயில்தான் வேண்டும் என்றால், காரைக்குடி–புதுக்கோட்டைப் பாதையில் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இன்னும் சில வண்டிகள் நிற்கும்படி முதலில் கேட்கலாம்.