டேட் மாடர்ன்: பிள்ளைகளோடும் அப்பாவோடும் போய் வந்ததில் நான் கண்டது

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் வெம்பிளி பார்க்கில் ஜூபிலி லைன் ரயில் ஏறினால் எங்கும் மாறாமல் சதர்க் வரை போகலாம், ஏறக்குறைய அரை மணி நேரம். நிலையத்துக்கு வெளியே வந்ததும் செம்மஞ்சள் பூசிய விளக்குக் கம்பங்கள் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கொஞ்ச நேரத்தில் தேம்ஸ் கரையில் பெரிய செங்கல் கட்டடமும் ஒற்றைப் புகைபோக்கியும் முன்னால் நிற்கும். அதுதான் டேட் மாடர்ன் என்ற நவீன கலைக்கூடம். உள்ளே போகக் காசு வேண்டாம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் சீட்டு எடுக்க வேண்டும். அதிலும் பெரியவரோடு வரும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புப் படிப்பிக்கிறேன். கோடை விடுமுறை நெருங்கினால் பெற்றோர் வாசலில் நின்று, "பிள்ளையளை எங்க கூட்டிக்கொண்டு போகலாம் ரீச்சர்?" என்று கேட்பார்கள். டேட் மாடர்ன் என்று நான் சொன்னதும் பலருடைய முகம் சுருங்கும். "அது படிச்ச ஆக்கள் போற இடம். எங்களுக்கு என்ன விளங்கப்போகுது?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் அந்தக் கட்டடத்தை வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். அங்கே நடக்கும் குடும்ப, சமூக நிகழ்ச்சிகளில் விளங்குவது பிறகு, கையால் ஒன்றைச் செய்வதுதான் முதல். ஆங்கிலம் தடுமாறினாலும் கைவேலைக்குத் தடையில்லை. இதை அந்தப் பெற்றோருக்கு வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல்முறை போனது 2017இல். அப்போது மகளுக்கு 6 வயது. ஐந்தாம் தளத்தில் டேட் எக்ஸ்சேஞ்ச் என்று ஓர் இடம் இருந்தது. கிளேர் டூமி என்ற மண்பாண்டக் கலைஞர் அங்கே ஒரு தொழிற்சாலையையே அமைத்திருந்தார். 30 மீட்டர் நீள வேலையிடம், காயவைக்கத் தட்டுகள், 8 டன்னுக்கு மேல் களிமண். உள்ளே போகிறவர்கள் வேலைக்கு வந்தவர்கள் மாதிரி நேர அட்டையைக் குத்திவிட்டுத்தான் போக வேண்டும். மகள் களிமண்ணில் கை வைத்து ஒரு பூ செய்தாள். வேலைக்குப் போகும் அம்மாவைத் தினமும் பார்க்கிற பிள்ளை, அந்த அட்டையை என்னிடம் நீட்டி, "நானும் வேலைக்கு வந்திட்டன்" என்றாள். டேட் எக்ஸ்சேஞ்ச் இப்போது இல்லை. எனக்கு அது உண்மையான வருத்தம். அப்படி நின்று நிதானமாகச் செய்ய ஒரு நிரந்தர இடம் அந்தக் கட்டடத்தில் மறுபடியும் வர வேண்டும்.

அதற்குப் பிறகு மகளைக் காசு கட்டி ஓர் ஓவிய வகுப்பில் விட்டோம். எந்த வகுப்பு என்பது வேண்டாம். ஆசிரியை ஒரு படத்தைச் சுவரில் ஒட்டுவார், பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே கீற வேண்டும். மகள் யானைக்கு ஊதா நிறம் தீட்டினாள் என்று தாளை வாங்கிவிட்டு வேறு தாள் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளைத் தாளைக் கண்டால் "என்ன கீறுறது அம்மா?" என்று கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போக இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்தது.

அது போன இடம் டேட் மாடர்னின் டர்பைன் ஹால். அந்தக் கட்டடம் முன்பு ஒரு மின்நிலையம், 1981இல் மூடினார்கள். 2000இல் கலைக்கூடமாகத் திறந்தபோது டர்பைன்கள் இருந்த கூடத்தை அப்படியே வெறுமையாக விட்டார்கள். உயரம் 35 மீட்டர், நீளம் 152 மீட்டர். மேற்கு வாசலால் போனால் சரிவாக இறங்கும் தரை. சின்னப் பிள்ளைகள் அந்தச் சரிவைக் கண்டதும் படுத்து உருளத் தொடங்குவார்கள், யாரும் ஏசுவதில்லை. 2021 கோடையில் இங்கேதான் யுனிக்லோ டேட் பிளே என்ற இலவசக் குடும்ப நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் ஏய் அரகாவா என்ற ஜப்பானியக் கலைஞர் கூடத்தின் தரையை எல்லோரும் கீறுவதற்குத் திறந்துவிட்டார். 1956இல் ஜப்பானின் அஷியா நகரில் ஜிரோ யோஷிஹாரா என்ற ஓவியர் வெளியிடத்தில் ஒரு பெரிய பலகையை நிறுத்தி, வருகிறவர்கள் விரும்பியதைக் கீறலாம் என்றாராம். அதன் தொடர்ச்சி இது.

மகளுக்கு அப்போது 10 வயது. கிரேயானைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. 4 வயதுத் தம்பி கிரேயானைத் தரையில் ஊன்றியபடி ஓடத் தொடங்கினான். குனிந்துகொண்டே ஓடியதால் கோடு வளைந்து வளைந்து போனது, மற்றவர்களின் வீடுகளையும் பூனைகளையும் தாண்டிப் போனது. அவன் நின்ற இடத்தில் இவள் குந்தியிருந்து, அந்தக் கோட்டின் நுனியில் ஒரு தலையும் இரண்டு கண்ணும் வைத்தாள். பாம்பாகிவிட்டது. அப்புறம் இரண்டு மணி நேரம் எங்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போது இருவரின் முழங்காலிலும் நீலமும் பச்சையும். குளிக்க வைத்தும் முழுக்கப் போகவில்லை.

2022இல் யாயோய் குசாமா என்ற ஜப்பானியக் கலைஞரின் வெள்ளை அறை வந்தது. மேசை, நாற்காலி, சுவர் எல்லாம் வெள்ளை, வருகிறவர்களிடம் அங்கே ஒட்டுவதற்கு நிறப் பொட்டுகளைக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தோடு சேர்ந்து 2002இல் பிள்ளைகளுக்காகவே குசாமா உருவாக்கியது. மகன் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, யாருக்கும் தெரியாத பக்கத்தில் தன் பொட்டுகள் எல்லாவற்றையும் ஒட்டினான்.

இனி 2023. அந்த ஆண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அப்பா ஊரில் மேசன். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாற்பது ஆண்டுக்கு மேல் கட்டட வேலை செய்தவர். இங்கே வந்தபின் வீடு, கோயில், கடை, அவ்வளவுதான். ஆங்கிலம் பேசுகிற இடம் என்றால் வாசலிலேயே நின்றுவிடுவார். அன்றும், "நீங்கள் போட்டு வாங்கோ பிள்ளை, நான் ஆத்தடியில இருக்கிறன்" என்றார். மகன் கையைப் பிடித்து இழுத்ததால்தான் உள்ளே வந்தார்.

கூடம் முழுக்க நிறம் பூசிய மரச்சட்டக் கட்டங்கள், மொத்தம் 400. ரஷீத் அராயீன் என்ற கலைஞரின் படைப்பு. வருகிறவர்கள் தூக்கி, நகர்த்தி, அடுக்கி விரும்பியபடி மாற்றிக்கொண்டே இருக்கலாம், அதற்கு முடிந்த வடிவம் என்று ஒன்று கிடையாது. மகன் ஒன்றின்மேல் ஒன்றாக நேரே ஏற்றினான், அது ஆடியது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டப் போய் ஒரு கட்டத்தின் மூலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் ஓடுகிறது. அதைத் தட்டிக் காட்டி, "குறுக்குச் சட்டம் போட்டிருக்கினம், அதுதான் பெட்டி நெளியேல்ல. பிழை உன்ர அடுக்கில தம்பி" என்றார்.

பிறகு வேலை தொடங்கிவிட்டது. கீழே மூன்று, அவற்றின் இடைவெளிக்கு மேலே இரண்டு, அதற்கு மேலே ஒன்று. செங்கல்லுக்குப் பொருத்துக்குமேல் பொருத்து வரக்கூடாது என்று எனக்குச் சின்ன வயதில் சொன்னதையே அவனுக்கும் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தள்ளி நின்று நேர் பார்த்தார், தூக்குக்குண்டு இல்லாத குறையைக் கண்ணால் சமாளித்தார். பக்கத்தில் இருந்த வேறு இரண்டு பிள்ளைகள் தங்கள் கட்டங்களோடு வந்து சேர்ந்தார்கள். அப்பா அவர்களுக்குத் தமிழிலேயே சொன்னார், கையால் காட்டினார். அவர்கள் அவர் காட்டிய இடத்தில் சரியாக வைத்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த நாட்டில் அப்பா யாருக்கோ ஒரு வேலையைக் கற்றுக்கொடுப்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அவர் களைத்து உட்கார்ந்ததும் படைப்பைப் பற்றி எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். அராயீன் கராச்சியில் பிறந்து கட்டடப் பொறியியல் படித்தவர், 1964இல் லண்டனுக்கு வந்தவர், இந்தக் கட்டங்களின் யோசனை 1968இல் பிறந்தது. அப்பா கேட்டுவிட்டு, "அப்ப சரி. வேலை தெரிஞ்ச ஆள்" என்றார்.

ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால் காலம்தான். டர்பைன் ஹாலில் நடக்கும் இந்தப் பெரிய நிகழ்ச்சிகள் பள்ளி விடுமுறையில் ஐந்து வாரம் மட்டும், ஓகஸ்ட் கடைசியோடு சரி. எங்கள் குடும்பங்களில் பாதிப்பேர் அந்த ஐந்து வாரத்தில்தான் பாரிசுக்கோ ஊருக்கோ போகிறோம். மற்ற நாட்களில் வார இறுதிகளிலும் சிறு விடுமுறைகளிலும் சின்ன அளவில் ஏதாவது வைப்பார்கள். போகும் முன் அன்று என்ன நடக்கிறது என்று அவர்களின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். அந்தக் கூடத்தில் சத்தம் எதிரொலிக்கும். சத்தம் தாங்காத பிள்ளை என்றால் பத்து மணிக்குக் கதவு திறந்ததும் போவது நல்லது.

பெரியவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை 2018இல் நடந்தது. கியூபாவைச் சேர்ந்த கலைஞர் டானியா புருகேரா டர்பைன் ஹாலைப் பொறுப்பெடுத்தபோது, கலைக்கூடம் இருக்கும் எஸ்இ1 அஞ்சல் பகுதியிலேயே வசிக்கும், வேலை செய்யும் 21 பேரைக் கூப்பிட்டு, இந்த இடம் அக்கம்பக்கத்தாருக்கு எப்படி உதவலாம் என்று பேச வைத்தார். அவர்கள் கேட்டபடி கட்டடத்தின் ஒரு பகுதிக்கு, அந்த ஊரில் இளைஞர்களுக்காக உழைக்கும் நட்டாலி பெல் என்ற பெண்ணின் பெயரை வைத்தார்கள். கோடி கோடியாகக் கொடுத்தவர்களின் பெயர்தான் இப்படியான கட்டடங்களில் இருக்கும். ஒரு சமூகப் பணியாளரின் பெயர் வந்தது பெரிய விஷயம்.

அதே படைப்பில் தரை சூட்டை உணரும் தரை. அதற்கடியில் சிரியாவிலிருந்து தப்பி வந்த ஓர் இளைஞரின் முகம் மறைந்திருந்தது. அவருக்கு இங்கே உதவியவரும் நட்டாலி பெல்தான். முகம் தெரிய வேண்டும் என்றால் நிறையப் பேர் ஒன்றாகப் படுத்து உடம்புச் சூட்டைக் கொடுக்க வேண்டும். நான் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். எடுத்தபோது கையின் வடிவம் வெளிறித் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டது. முழு முகத்தை நான் பார்க்கவில்லை. அகதியாக வந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளிகளோடு செய்த வேலையில் எனக்கு மறக்காதது டேட் மாடர்னில் இல்லை, ஆற்றின் மறுகரையில் பிம்லிக்கோவில் இருக்கும் டேட் பிரிட்டனில். கலைஞரும் திரைப்பட இயக்குநருமான ஸ்டீவ் மக்குவீன் லண்டன் பள்ளிகளின் மூன்றாம் ஆண்டு வகுப்புகளைப் படம் பிடிக்க வைத்தார். 1,504 பள்ளிகள், 76,146 பிள்ளைகள், 3,128 படங்கள். 2019 நவம்பரில் எல்லாவற்றையும் சுவர் முழுக்க மாட்டினார்கள். மகள் அப்போதுதான் மூன்றாம் ஆண்டை முடித்திருந்தாள், அவள் வகுப்பும் அதில் இருந்தது. தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. வாங்கில் கடைசிப் பிள்ளை, நெற்றியில் சின்னக் கறுத்தப் பொட்டு, ஒரு சப்பாத்தின் கயிறு அவிழ்ந்து தொங்குகிறது. பெரிய ஓவியர்களின் வேலைகள் தொங்கும் கட்டடத்தில் அந்தக் கயிறும் தொங்கியது. அவள் கொஞ்சமும் வெட்கப்படாமல் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் விரலால் தொட்டுக் காட்டாத குறையாக, "அது நான்" என்றாள்.

அவளுக்கு இப்போது 14 வயது. 16 ஆனதும் டேட் கலெக்டிவ் என்ற இளைஞர் திட்டத்தில் இலவசமாகச் சேரலாம், 16 முதல் 25 வயது வரை சிறப்புக் கண்காட்சிகளுக்கு 5 பவுண்தான். வயதுவந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோய், வெளியே ஆற்றங்கரையில் பூர்ச்ச மரங்களுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வரும் கோடையில் என் வகுப்பிலிருந்து ஆறு பிள்ளைகளும் அவர்களின் வீட்டாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மா, அப்பப்பா யாராவது வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா இப்போதே வரத் தயார், "அந்தப் பெட்டியள் திரும்ப வருமோ?" என்று மட்டும் கேட்கிறார். காலை ஒன்பதரைக்கு வெம்பிளி பார்க் நிலைய வாசலில் நிற்போம். மீன் பணிஸ் நான் கொண்டு வருகிறேன், தண்ணீர்ப் போத்தலும் பிள்ளைக்கு ஒரு மாற்றுக் காற்சட்டையும் நீங்கள் கொண்டு வாருங்கள்.