மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்: கேப்பாக்ஸா, ஃபோல்ஃபாக்ஸா?

நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய இந்த நிலைக்குத் தரப்படும் இரு கீமோ மருந்துக் கூட்டுகள் இவை. அறுவைக்குப் பின் ஆறு மாத கீமோ என்ற வழக்கத்தை 2018-இல் வெளியான, பல சோதனைகளை ஒன்றுசேர்த்த ஐடியா கூட்டாய்வு மாற்றியது. டி1–டி3, என்1 நோயாளிக்கு (டி என்பது கட்டி ஊடுருவிய ஆழம், என் என்பது நோய் பரவிய நிணநீர் முடிச்சுகளின் அளவு; எண் கூடினால் நோய் தீவிரம்) கேப்பாக்ஸ் மூன்று மாதம், அதாவது 4 சுற்று, பெரும்பாலும் போதும்: முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் சதுர மீட்டருக்கு 130 மி.கி., கூடவே 14 நாள் கேப்பசிட்டபைன் மாத்திரை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம்) நிமிடத்துக்கு 30–50 மி.லி. என்றால் மாத்திரை அளவை 75 சதவீதமாக்குங்கள்; 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவீடு) எகிறும்.

ஃபோல்ஃபாக்ஸ் இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆக்ஸாலிபிளாட்டின் சதுர மீட்டருக்கு 85 மி.கி., 5-ஃப்ளூரோயூரசில் மருந்தைச் செலுத்தும் 46 மணிநேர பம்ப், அதற்குத் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் மாத்திரையை ஒழுங்காக விழுங்க முடியாதவருக்கும் இதுவே பாதுகாப்பு. ஆனால் இதை மூன்று மாதமாகச் சுருக்காதீர்கள், குறிப்பாக டி4 அல்லது என்2 எனில். ஆறு மாதம் போனால் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கைகால் குறிப்பிடத்தக்க அளவு மரத்துப்போகும். மூன்று மாதத்தில் ஆறில் ஒருவருக்கு. சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேளுங்கள்.