பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேஸ்: அலுமினியமா, மெல்லிய எஃகுக் குழாயா?

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, ஆரம்பகால 1.6 லிட்டர் கார். 1989-இல் அறிமுகமானபோது எடை ஏறக்குறைய 950 கிலோதான். கூரை இல்லாத உடல் என்பதால் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கமும் ஸ்டீயரிங் ஒரு பக்கமுமாக நடுங்கும். இதைக் குறைக்க உடலின் இரண்டு இடங்களை இணைத்துப் பூட்டும் கம்பிதான் பிரேஸ். 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மாஸ்டாவே சீட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியையும் அடியில் கூடுதல் பிரேஸ்களையும் சேர்த்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் தன் பங்குக்கு 16 மி.மீ. கெட்டி இரும்புக் கம்பிகளை அடியில் பூட்டியிருந்தார். வேலை செய்தன, ஆனால் கனம். அவற்றைக் கழற்றிவிட்டு முதலில் அலுமினியம் போட்டேன். இப்போது அந்த இடத்தில் இருப்பது மெல்லிய சுவர் எஃகுக் குழாய். அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

பிரேஸ் வாங்கும் முன் ஒரு வார்த்தை. பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு) பகுதியில் துரு இருந்தால் எந்த பிரேஸும் பயன்படாது. சாஃப்ட் டாப்பின் (மடக்கும் துணிக்கூரை) வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி அரிப்பது அங்கேதான். தரைக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுச் சட்டங்களையும் பாருங்கள். தப்பான இடத்தில் ஜாக் வைத்தே பல கார்களில் அவை நசுங்கிக் கிடக்கும். முதலில் உடலைச் சரிசெய்யுங்கள்.

இனி எடைக் கணக்கு. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான்: எஃகுக்கு 205 கிகாபாஸ்கல் என்றால் அலுமினியத்துக்கு 70-க்குள். நேரான பிரேஸ் செய்யும் வேலை இழுப்பையும் நெருக்கத்தையும் தாங்குவது. அதற்கு உதவுவது குறுக்குவெட்டுப் பரப்பு. என் குழாய் 25.4 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. சுவர், மீட்டருக்கு 0.94 கிலோ வரும். அதே விறைப்பு அலுமினியத்தில் வேண்டுமென்றால் 32 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. சுவரும் வேண்டும். அதன் எடை மீட்டருக்கு 0.95 கிலோ. லாபம் எதுவுமே இல்லை, தரையிலிருந்து உள்ள இடைவெளியிலும் 7 மி.மீ. குறைகிறது. எஃகுக் குழாயின் அளவிலேயே அலுமினியக் குழாய் போட்டால் எடை 0.32 கிலோவாக இறங்கும். விறைப்பும் அதே விகிதத்தில் இறங்கிவிடும். கையில் தூக்கிப் பார்த்து மகிழ்கிறோமே, அந்த இலேசு பல நேரம் விறைப்பை விற்று வாங்கியது.

கெட்டிக் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. என் காரில் மொத்த நீளம் நாலு மீட்டர் அளவு, அதனால் குழாய்க்கு மாறியதில் இரண்டரை கிலோ குறைந்தது. கம்பியின் பரப்பு அதிகம் என்பதால் நேர் இழுப்பில் அதுதான் இன்னும் விறைப்பானது, அதை மறைக்கவில்லை. ஆனால் கம்பியைவிட முதலில் நெகிழ்வது அது பூட்டப்பட்டிருக்கும் தகடு. அதனால் ஓட்டும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று: அடித்தளத்தில் எடையைக் குறைத்தால் காரின் ஈர்ப்பு மையம் இம்மியளவு மேலேதான் போகும். இலேசாக்க வேண்டும் என்ற வெறியை உயரத்தில் இருக்கும் பாகங்களில் காட்டுவது நல்லது.

அலுமினியம் வெல்லும் இடமும் உண்டு. வளைவைத் தாங்க வேண்டிய இடத்தில் ஆழமும் விட்டமும்தான் பேசும். சுவர்த் தடிமன் மாறாமல் குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும். இதே காரில் கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீண்ட சட்டத்தை மாஸ்டா அலுமினியத்தில்தான் செய்தது. ஆழமான வடிவம், நடுநடுவே பெரிய ஓட்டைகள். இரண்டு ஷாக் அப்சார்பர்களின் மேல் தாங்கிகளை இணைத்து எஞ்சினுக்கு மேல் வளைந்து போகும் ஷாக் டவர் பிரேஸும் இந்த வகைதான், உயரத்திலும் இருக்கிறது. அங்கே அலுமினியத்தை நானே விட்டுவைத்திருக்கிறேன்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகான குரோமோலியில் செய்த குழாயைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. உடையாத வலிமை கூடும், விறைப்பு சாதா எஃகுக்குச் சமம். பிரேஸ் உடையும் அளவுக்குப் பாரம் வருவதில்லை. கூடுதல் காசு வீண்.

என் முடிவை மாற்றியது எடை இல்லை, பராமரிப்பு. அலுமினிய பிரேஸை இரண்டு மழைக்காலம் ஓட்டினேன். சஸ்பென்ஷன் வேலைக்காக அதைக் கழற்ற காருக்கு அடியில் படுத்தபோது போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்திருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. மூன்று போல்ட்கள் கழன்றன. நாலாவதைத் திருகியதும் மெதுவாகச் சுழன்றது, வெளியே வரவில்லை. பிரேஸின் ஓட்டைக்குள் போல்ட் இறுகிப்போய், உள்ளே சட்டத்தில் வெல்டு செய்த நட் பிய்ந்துகொண்டு கூடவே சுற்றியது. தகட்டில் ஜன்னல் வெட்டி, புது நட்டை வைத்து, மறுபடி வெல்டு செய்து மூட வேண்டியதாயிற்று. முப்பது வருடம் தாண்டிய, எங்கும் வெட்டுப்படாத உடலில் நான் போட்ட முதல் வெட்டு அது. மனசு ஆறவில்லை.

காரணம் எளிது. எஃகும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு நடுவில் உப்போ சேறோ கலந்த ஈரமும் இருந்தால் அலுமினியம் தன்னைக் கொடுத்துக் கரையும். அரிப்பில் உண்டாகும் அந்த வெள்ளைப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் போல்ட் இறுகுகிறது. அரிப்பைத் தடுக்கும் பசை தடவலாம். நான் பூட்டியபோது தடவவில்லை, அது என் தவறு. ஆனால் பசை ஒருமுறை தடவினால் முடிகிற வேலையும் இல்லை. கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து மறுபடி தடவ வேண்டும். பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பிரேஸ் போல்ட் தண்டில் தொங்கி வேலை செய்வதில்லை; போல்ட் இறுக்கத்தில் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று கவ்விப்பிடிப்பதால்தான் விறைப்பு வருகிறது. நடுவில் மெத்தென்ற வாஷர் வந்தால் அது நாளடைவில் அமுங்கும், இறுக்கம் போகும், பிரேஸ் கிளிக் கிளிக் என்று பேச ஆரம்பிக்கும்.

சூடும் சேர்ந்துகொள்ளும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஓடும் ஒரு மீட்டர் கம்பி 40 டிகிரி சூடேறினால், அதே சூட்டில் எஃகு நீள்வதைவிட அலுமினியம் 0.4 மி.மீ.க்கு மேல் கூடுதலாக நீளும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த நழுவல் இணைப்பைத் தின்கிறது.

எஃகுக் குழாயிலும் கவலை இருக்கிறது. உள்ளிருந்து துருப்பிடிக்கும், இரு முனையையும் முழுக்க வெல்டு செய்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். 1.6 மி.மீ. சுவர் என்பதால் பெரிய கல் அடித்தால் பள்ளம் விழும். நடுவில் பள்ளம் விழுந்த குழாய் நெருக்கத்தில் மடங்கும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் வெளியே பெயிண்ட் உரிந்தால் சிவப்பாகத் தெரிந்துவிடும். கம்பித் தூரிகை, பிரைமர், பெயிண்ட் என்று ஒரு மதியத்தில் வேலை முடியும். இணைப்பில் எஃகோடு எஃகு. கீறல் விட்டாலும் சாதாரண வெல்டரிடம் கொடுத்துவிடலாம். எந்த உலோகமானாலும் முனையில் பந்து மூட்டு வைத்த பிரேஸை மட்டும் அடியில் போடாதீர்கள். மூட்டு தேய்ந்தால் பிரேஸ் இருந்தும் இல்லாததுதான்.

கார்பன் ஃபைபரில் நான் கைவைத்ததில்லை, அதனால் சுருக்கமாக. இழை ஓடும் திசையில், எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு விறைப்பு. இலேசு என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியானது அதுதான். ஆனால் முனையில் உலோகத் துண்டைப் பசையால்தான் ஒட்டுகிறார்கள், கார்பன் அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பு எஃகைவிட மோசம். கல்லடி படும் அடிப்பகுதியில் அது எத்தனை வருடம் தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

விறைப்பைப் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். ஒரு முன் மூலையை மட்டும் ஜாக்கில் தூக்கி, கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (பல தடிமனில் மெல்லிய தகடுகள் கொண்ட அளவுகருவி) வைத்து மேலும் கீழும் அளப்பேன். எஃகுக் குழாய் போட்ட பிறகு கிடைத்த அளவு கெட்டிக் கம்பியின் அளவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. அலுமினிய செட்டில் இடைவெளி மாறுவது கண்ணுக்கே தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதை அளந்து எழுதிவைக்கிறேன். விற்கும் நாள் வந்தால் அந்த நோட்டும், பையில் போட்டு வைத்திருக்கும் பழைய போல்ட்களும், வெட்டி அடைத்த இடத்தின் புகைப்படமும் வாங்குபவர் கைக்குப் போகும்.