16×2 டிஸ்ப்ளேயில் கான்ட்ராஸ்ட்: நாலு கோடைக்குப் பிறகு

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பெட்டி ஒன்றை 2020 ஜூலையில் வீட்டுக்குச் செய்தேன். நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டான அர்டுயினோ ஊனோ, ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார், வரிசைக்கு 16 எழுத்தாக இரண்டு வரிசை காட்டும் நீல நிற 16×2 டிஸ்ப்ளே, அவ்வளவுதான். நிரலிலும் சென்சாரிலும் அதன்பின் பெரிய வேலை எதுவும் வரவில்லை. நாலு வருடமாக நான் திரும்பத் திரும்பக் கை வைத்தது ஒரே இடத்தில்: டிஸ்ப்ளேயின் 3-வது பின். கான்ட்ராஸ்டை, அதாவது எழுத்து எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதை, அந்தக் காலுக்கு வரும் வோல்ட்தான் முடிவு செய்கிறது.

முதல் நாள் திரையில் வெளிச்சம் வந்தது, எழுத்து வரவில்லை. நிரலை மூன்று முறை மாற்றி ஏற்றிய பிறகுதான் பிரீசெட்டை, அந்த வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ரெசிஸ்டரை, திருகிப் பார்த்தேன். எழுத்து அங்கேயே இருந்தது, கண்ணுக்குத் தெரியாமல். அன்றிலிருந்து புது டிஸ்ப்ளே எதுவானாலும் நிரல் ஏற்றுவதற்கு முன்பே மின்சாரம் மட்டும் கொடுத்துத் திருகுகிறேன். மேல் வரிசையில் 16 கட்டங்கள் கருப்பாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் சரி. நிரல் ஏற்றிய பிறகும் அந்தக் கட்டங்களே நின்றால் வயரிங்கையோ நிரலையோ பார்க்க வேண்டும். வயர்களைக் குறைக்க ஐ2சி பலகை ஒட்டி வருகிற டிஸ்ப்ளேயிலும் இதே கதைதான். பின்னால் இருக்கும் நீலத் திருகைத் தொடாமல், நிரலில் கொடுக்க வேண்டிய பலகையின் முகவரி எண் 0x27-ஆ 0x3எஃப்-ஆ என்று தேடி அலைய வேண்டாம்.

10கே (10,000 ஓம்) பிரீசெட்டின் இரு முனைகளை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, நடுமுனையை 3-வது பின்னுக்குக் கொடுப்பது எல்லோரும் செய்வது. ஆனால் அந்தச் சுற்றில் கிரவுண்டு பக்கத்துக் கடைசித் துண்டு மட்டும்தான் பயன்படும். எனக்கு எழுத்து நன்றாகத் தெரிந்தபோது 3-வது பின்னில் மீட்டர் 0.6 வோல்ட் காட்டியது. மயிரிழை நகர்ந்தாலும் ஒன்று மங்கும், இல்லை கட்டம் கட்டமாகக் கருக்கும்.

முக்கியமானது அந்த 0.6 இல்லை, சப்ளைக்கும் அதற்கும் இடையே உள்ள வித்தியாசம். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சார்ஜர். பழைய சார்ஜர் 5.1 வோல்ட் கொடுத்தது, வித்தியாசம் 4.5. அது போனதும் வேறொன்றை நீளமான மெல்லிய வயரில் மாட்டினேன். பெட்டிக்கு வந்து சேர்ந்தது 4.6 வோல்ட்தான். வித்தியாசம் 4-க்கு இறங்கி எழுத்து வெளுத்துவிட்டது. பிரீசெட் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி மாற்றினேன். குற்றம் வயரில் இருந்தது. 3.3 வோல்ட் போர்டில் 5 வோல்ட் டிஸ்ப்ளேயை அப்படியே மாட்டினால் எழுத்து வராததும் இதனால்தான். எவ்வளவு திருகினாலும் 4.5 வோல்ட் வித்தியாசம் கிடைக்காது.

அப்புறம் வெயில். பெட்டி கொல்லைப்புறச் சுவரில் இருக்கிறது. மே மாத மதியத்தில் எழுத்துக்குப் பின்னால் எல்லாக் கட்டங்களும் பேய் போல எழுந்து நிற்கும். மார்கழி விடியலில் அதே திருகு நிலையில் எழுத்து மங்கிக் கிடக்கும். சூடு ஏற ஏற, திரைக்குள் எழுத்தைக் காட்டும் திரவப் படிகம் குறைந்த வோல்ட்டிலேயே திரும்பிக் கருத்துவிடுகிறது. பிரீசெட்டை எடுத்துவிட்டு நிலையான 1கே ரெசிஸ்டர் போட்டு ஒரு வருடம் பார்த்தேன். அறைக்குள் இருக்கும் கருவிக்கு அது போதும், வெளிச்சுவருக்குப் போதாது.

அர்டுயினோவின் 9-வது பின்னிலிருந்து பிடபிள்யூஎம், அதாவது வேகமாக மாறி மாறி அணைந்து எரியும் சிக்னல், எடுத்து, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துச் சமப்படுத்தி, நிரலிலேயே கான்ட்ராஸ்டை மாற்றியும் பார்த்தேன். வேலை செய்கிறது. ஆனால் ஊனோ ரீசெட் ஆகும்போதெல்லாம் அந்தப் பின் அந்தரத்தில் நிற்பதால் திரை ஒரு கணம் வெறுமையாகிறது. அதைவிட, எண்ணை மாற்ற லேப்டாப் வேண்டும். அம்மாவுக்கு அது உதவாது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த பெரிய தவறு அதில்தான். மேசையில் வைத்து, என் கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கான்ட்ராஸ்ட் வைத்தேன். சுவரில் மாட்டியது என் உயரத்துக்கு. அம்மா கீழிருந்து அண்ணாந்து பார்த்து, "தம்பி, ஒரே கட்டமா தெரியுதுடா" என்றார். இந்த வகை டிஸ்ப்ளேயில் பார்க்கும் கோணம் மாறினால் கான்ட்ராஸ்டும் மாறும். மாட்டிய பிறகு, தினமும் பார்ப்பவர் நிற்கும் இடத்தில் நின்று திருகுங்கள்.

இப்போது உள்ளே இருப்பது பல சுற்றுத் திருகு பிரீசெட். முதலில் போட்டிருந்த திறந்த கார்பன் பிரீசெட்டில் இரண்டு மழைக்காலத்தில் பிடிப்பு போய், பெட்டியைத் தட்டினால்தான் எழுத்து வந்தது. டிஸ்ப்ளேயையும் மஞ்சள் பச்சைக்கு மாற்றிவிட்டேன்; நீலம் வெயிலில் வெளிறிவிடும், இது பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) இல்லாமலே வெயிலில் தெரிகிறது. திருகுக்கு நேராகப் பெட்டியில் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டிருக்கிறேன். சின்ன ஸ்குரூடிரைவர் அடுப்படி அலமாரியில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மே மாதம் அம்மாவே திருகிக்கொண்டார்.